கடல் ஆய்வுத் தரவுக் கிடங்கு: சேர்ப்பதிலிருந்து பகிர்வது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு ஹார்ட் டிஸ்க் என் கைக்கு வந்தது. மஞ்சப்பையில் சுற்றி, மண்டபம் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கொடுத்தார்கள். உள்ளே நாற்பதாயிரம் படங்கள், எல்லாம் கடலுக்கடியில் எடுத்தவை. வெளுத்த பவளம், பாதி வெளுத்த பவளம், கிளை ஒடிந்து கிடக்கும் மான்கொம்புப் பவளம் என்று ஒவ்வொன்றும் அத்தனை தெளிவு. டிஸ்கில் ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. ஆனால் எந்தத் தீவு என்று எங்கேயும் எழுதவில்லை. கேமராவின் கடிகாரம் யாரும் தொடாமல் 1.1.2000 என்றே நின்றிருந்தது. மன்னார் வளைகுடாவில் அதுவரை பவளங்கள் பெரிதாக வெளுத்த ஆண்டுகள் 1998, 2010, 2016. கேமரா மாடலை வைத்து 1998 இல்லை என்று மட்டும் சொல்ல முடிந்தது. எடுத்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்டால், "மனோலியா இருக்கும்… இல்ல முசல் தீவோ என்னமோ" என்றார். அந்த நாற்பதாயிரம் படமும் இன்று கணினித் திரையின் பின்னணிக்குத்தான் உதவுகிறது.

தரவு காப்பது என்றதும் எல்லோரும் டிஸ்க் வாங்குவதைப் பற்றித்தான் பேசுவார்கள். என் அனுபவத்தில் டிஸ்க் செத்துப் போய் இழந்ததைவிட, டிஸ்க் நன்றாக இருந்தும் உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் இழந்ததுதான் அதிகம். குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி 1927-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் ஒரு தொகுதி வெளியிட்டது. அதை இன்றும் எடுத்துப் படிக்கலாம்: எந்த உயிரி, எந்த இடத்தில் கிடைத்தது என்று அச்சில் இருக்கிறது. நாம் போன வருடம் எடுத்த வீடியோவைப் பற்றி அந்த அளவுக்காவது சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

சில டெராபைட் தரவை வைத்துக்கொண்டு திண்டாடும் சிறிய ஆய்வுக் குழுக்கள், கல்லூரித் துறைகள், தொண்டு நிறுவனங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய சர்வர் அறை உள்ளவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

1. முதலில் கணக்கெடுங்கள்

எதையும் வாங்குமுன் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தக் கருவி, ஒரு நாளைக்கு எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை நாள். நொடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 27 ஜிபி. நீரடி ஒலிவாங்கி 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒற்றைத் தடமாக ஓடினால் ஒரு நாளைக்கு 8 ஜிபிக்குச் சற்று மேல். ஒரு மாதம் போட்டு வைத்தால் 250 ஜிபி. அதே இடத்தில் கட்டிய வெப்பநிலை லாகர் அரை மணிக்கு ஒரு அளவு என்று வருடம் முழுக்க 17,520 அளவுகள் எடுக்கும். அது மொத்தமும் ஒரு ஃபோட்டோ அளவுகூட வராது.

பருமனுக்கும் மதிப்புக்கும் சம்பந்தமில்லை என்பது இந்தக் கணக்கைப் போட்டதும் தெரிந்துவிடும். குழுவிடம் இருப்பதிலேயே விலைமதிப்பில்லாதது, உப்புநீர் பட்டுச் சுருங்கிய களக் குறிப்பேடுதான். முதல் வேலையாக அதை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுங்கள். இருநூறு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

எதைச் சேர்க்க வேண்டாம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள் படங்கள் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடியவை. அவற்றை நூற்றுக்கணக்கில் நம் டிஸ்கில் அடைத்து வைப்பது வீண். எந்தப் படம், எந்தத் தேதி என்ற முழுப் பெயர்ப் பட்டியலையும், அதை வைத்து என்ன செய்தோம் என்ற நிரலையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் நாம் நேரில் போய் எடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. 2016 மே மாதத்துக் கடல் இனி வராது.

ஒலியைச் சுருக்க நினைத்தால் ஃபிளாக் வடிவில் சுருக்குங்கள்; இழப்பே இல்லாமல் ஏறக்குறைய பாதியாகும். எம்பி3 வேண்டவே வேண்டாம். மனிதக் காதுக்குக் கேட்காதது எது என்று பார்த்து அதைத் தூக்கியெறிவதுதான் அதன் வேலை. ஓங்கில் (டால்பின்) நம் காதுக்காகவா சத்தமிடுகிறது?

2. கரை ஏறிய அன்றே செய்ய வேண்டியவை

காலையில் கடலுக்குப் போய் மதியம் கரை ஏறினால் உடம்பு கெஞ்சும். அன்று இரவு செய்யாததை அப்புறம் யாரும் செய்வதில்லை. நான்கு வேலைதான்.

மெமரி கார்டிலிருந்து இரண்டு வெவ்வேறு டிஸ்குகளுக்கு நகல் எடுங்கள். ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு எடுக்காமல், இரண்டுக்கும் கார்டிலிருந்தே எடுங்கள். இரண்டும் சரிபார்க்கப்படும் வரை கார்டை அழிக்கக் கூடாது.

சரிபார்ப்பது என்றால் ஃபோல்டர் அளவை ஒப்பிடுவது அல்ல. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா-256 செக்சம் எடுங்கள். ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு 64 எழுத்துகளாக வரும் கைரேகை அது. உள்ளே ஒரு பிட் மாறினாலும் கைரேகை வேறாகிவிடும். அந்தப் பட்டியலை ஃபைல்களோடேயே வையுங்கள். பின்னால் இதுதான் கைகொடுக்கும்.

கோப்ரோ கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீளமான வீடியோவை அது துண்டு துண்டாக வெட்டும். பெயரில் முதலில் வரும் இரண்டு இலக்கம் துண்டின் எண், கடைசி நான்கு இலக்கம் வீடியோவின் எண். அகர வரிசையில் அடுக்கினால் எல்லா வீடியோக்களின் முதல் துண்டும் ஒன்றாகவும், இரண்டாம் துண்டு எங்கோ கீழேயும் போய்விடும். இரண்டு கேமரா இருந்தால் ஒரே பெயர் இரண்டிலும் வரும். ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். கேமராவுக்கு ஒரு எண் கொடுத்து, பெட்டியின் மேலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள்.

நான்காவது வேலை, ஒவ்வொரு முங்கலின் தொடக்கத்திலும் தேதி, இடம், முங்குபவர் பெயர் எழுதிய சிலேட்டைக் கேமராவுக்குக் காட்டுவது. படகில் ஜிபிஎஸ் திரையையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மஞ்சப்பை டிஸ்கில் இந்த ஒரு படம் இருந்திருந்தால் போதும்.

3. பெயர் வைப்பது

தேதி, இடக்குறி, கருவி, வரிசை எண் என்ற ஒழுங்கில் எல்லா ஃபைலுக்கும் பெயர் இருக்கட்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும்: 20240316 என்பதுபோல. இடக்குறிகளுக்குத் தனி அட்டவணை போடுங்கள். இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் உண்டு. "மண்டபம்" என்று மட்டும் எழுதினால் எந்தப் பக்கம்? வடகடல் பாக் விரிகுடா, தென்கடல் மன்னார் வளைகுடா. நடுவில் நடந்து போகிற தூரம்தான், ஆனால் இரண்டும் வேறு கடல். அலை, கலங்கல், காற்று எல்லாமே மாறும். மண்டபம் வடக்கு, மண்டபம் தெற்கு என்று இரண்டு குறி இல்லாத பட்டியலை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஃபைல் பெயர்களைத் தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான். அனுபவம் வேண்டாம் என்கிறது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் ஒரே துணைக்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போனபோது ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் நின்றதைப் பார்த்துத் தலை சுற்றியிருக்கிறேன். அதனால் ஃபைல் பெயருக்கு ஆங்கில எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டும். தமிழுக்கு உள்ளே தாராளமாக இடம் கொடுங்கள்.

பழைய தமிழ்த் தரவு இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய பட்டியல்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதைக் கெட்டுப்போன ஃபைல் என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தையும் கூடவே வையுங்கள். அட்டவணைகளைச் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த சாதா உரை), யூனிகோடின் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமியுங்கள். எக்செல்லில் நேராகத் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம்; அது ஃபைலின் குற்றமல்ல, திறக்கும்போது குறியேற்றத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எக்செல் 10,48,576 வரிசைக்கு மேல் ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும். லாகர் பத்து நொடிக்கு ஒரு அளவு எடுத்தால் நான்கே மாதத்தில் அந்த எல்லையை முட்டிவிடும்.

4. இடம், நேரம், பெயர்: மூன்று பொறிகள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மற்ற தவறுகள் தெரிய வந்துவிடும். இந்த மூன்றும் சரியாக இருப்பதுபோலவே நடிக்கும்.

முதலில் இடம். எங்கள் கடற்புல் கணக்கெடுப்பை வரைபடமாக்கி, எங்களைக் கூட்டிப்போகும் பாம்பன் படகுக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இது என்ன புள்ளி? இங்க தாழையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நீங்க முங்குனது தீவை ஒட்டியில்ல?" என்றார். கடற்புல்லைத்தான் தாழை என்கிறார். தேடிப் பார்த்ததில் விஷயம் இதுதான். படகு ஜிபிஎஸ் டிகிரியும் நிமிடமுமாகக் காட்டுகிறது: 9 டிகிரி 14.50 நிமிடம். தட்டச்சு செய்தவர் அதை 9.1450 என்று ஏற்றியிருக்கிறார். நிமிடத்தை 60-ஆல் வகுத்திருந்தால் 9.2417 வந்திருக்கும். வித்தியாசம் 0.0967 டிகிரி, அதாவது பத்தரைக் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. குருசடைத் தீவின் கடற்புல் நடுக்கடலில் போய் முளைத்திருந்தது. ஒரு பருவத்தின் பதிவுகள் முழுவதையும் திருத்த வேண்டி வந்தது.

இதற்கு மருந்து: படகில் பார்த்ததை அப்படியே அட்டவணையின் ஒரு பத்தியில், கணக்கிட்ட தசம டிகிரியை இன்னொரு பத்தியில் வையுங்கள். முதல் பத்தியை யாரும் தொடக் கூடாது. புள்ளிகளை அன்றே வரைபடத்தில் போட்டு, கடலுக்குப் போன ஒருவரிடம் காட்டுங்கள். அவரைவிட நல்ல சரிபார்ப்பு மென்பொருள் இந்தக் கரையில் கிடையாது.

அடுத்தது நேரம். பல லாகர்கள் உலகப் பொது நேரத்தில் பதியும்; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஒரு ஃபைலில் நாளின் உச்ச வெப்பம் தினமும் காலை 8.30-க்கே வருவதைப் பார்த்து, ஆழமற்ற நீர் சீக்கிரம் சூடாகிறது என்று ஒருவர் விளக்கம்கூட எழுதிவிட்டார். உண்மையில் அது மதியம் 2 மணி. ஒவ்வொரு அட்டவணையிலும் நேரத்துக்குப் பக்கத்தில் எந்த நேரமண்டலம் என்று எழுதுங்கள். "எல்லாருக்கும் தெரியும்" என்பது தரவில் செல்லாது.

மூன்றாவது பெயர். இது நம் ஊரின் செல்வமும் கூட. சென்னையில் வஞ்சிரம் என்றால் தெற்கே நெய்மீன். கடல் பசுவை இங்கே ஆவுளியா என்பார்கள். பாசி எடுக்கும் பெண்கள் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று கண நேரத்தில் பிரித்துச் சொல்வார்கள். மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாஃபைக்கஸ் பாசிக்கு "பெப்சி பாசி" என்றே பெயர். அந்த நிறுவனம் இங்கே ஒப்பந்த முறையில் வளர்க்கத் தொடங்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர். உள்ளூர்ப் பெயரை அடித்துவிட்டு அறிவியல் பெயரை மட்டும் எழுதுகிற பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். இரண்டும் வேண்டும். அறிவியல் பெயர்களும் மாறுகின்றன: இதே பாசி பழைய பதிவுகளில் யூக்கியூமா என்று இருக்கும். அதனால் மூன்று பத்திகள்: சொன்னவர் சொன்ன பெயர், அன்று எழுதிய அறிவியல் பெயர், வோர்ம்ஸ் எனப்படும் உலகக் கடல் உயிரினப் பதிவேட்டில் அதற்குரிய எண். பெயர் எத்தனை முறை மாறினாலும் எண் வழியாக இன்றைய பெயருக்குப் போய்விடலாம்.

பத்திகளுக்கு நாமாகத் தலைப்பு கண்டுபிடிக்க வேண்டாம். டார்வின் கோர் என்ற பொதுத் தரம் 2009 முதல் இருக்கிறது. இடம், தேதி, இனம், எண்ணிக்கை, பார்த்தவர் என ஒவ்வொன்றுக்கும் அதில் பெயர் உண்டு. பின்னால் பகிரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

5. காப்பது

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். உலகமெல்லாம் சொல்லும் விதி. நம் கரையில் அந்த "வெளியூர்" என்ற சொல்லுக்கு எடை அதிகம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது ஒரே இரவில். ராமேஸ்வரத்தில் ஒன்றும் மண்டபத்தில் ஒன்றும் வைத்துவிட்டு இரண்டு ஊரில் வைத்திருக்கிறோம் என்று சொல்லாதீர்கள். கடலுக்கு அது ஒரே ஊர். எங்கள் மூன்றாவது நகல் மதுரையில் ஒரு வீட்டு பீரோவில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்கை மாற்றிவிட்டு வருகிறோம்.

உப்புக்காற்று ஹார்ட் டிஸ்கின் இணைப்பு முனைகளை அரிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வையுங்கள். கருவாட்டுக்கு எவ்வளவு கவனம் எடுக்கிறோமோ அவ்வளவு போதும். எஸ்எஸ்டியை மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள்; அதிலுள்ள தரவு மெல்லக் கசிந்துபோகும். நீண்ட நாள் கிடப்புக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்கே மேல். பெரிய நிறுவனங்கள் காந்த நாடாவில் வைக்கின்றன. நாடா மலிவு, அதை ஓட்டும் கருவி மலிவில்லை. சிறு குழுவுக்கு ஒத்துவராது.

பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்து ஓட்டும் ரெய்டு, பேக்கப் அல்ல. தானாக ஒத்திசையும் கிளவுட் ஃபோல்டரும் பேக்கப் அல்ல: நீங்கள் இங்கே தவறாக அழித்தது அங்கேயும் பணிவாக அழிந்துவிடும்.

வருடத்துக்கு இரண்டு முறை எல்லா டிஸ்கையும் எடுத்து, பழைய செக்சம் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தவறிய ஃபைலை மற்ற நகலிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். இந்த வேலைக்கு நாள் குறித்து, ஒருவர் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். எங்கள் குழுவில் ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் வாரத்தில் செய்கிறோம், மறக்கவே மறக்காது.

6. எதை வெளியே விடக் கூடாது

திறந்த தரவு நல்லது என்று நம்புகிறவன்தான் நான். ஆனாலும் எல்லாவற்றையும் திறந்துவிட முடியாது.

கடல் அட்டை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் கடத்தல் நடக்கிறது. எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எத்தனை அட்டை என்று ஐந்து தசம இடத்துக்குத் துல்லியமாக இணையத்தில் போட்டால் அது ஆய்வுத் தரவா, கடத்தல்காரருக்கு வழிகாட்டியா? கடல் குதிரை, ஆவுளியா இவற்றுக்கும் இதே கதைதான். பொதுவில் போடும் நகலில் இடத்தை 0.1 டிகிரிக்கு மட்டமாக்குங்கள். சுமார் 11 கிலோமீட்டர் சதுரமாகிவிடும். மட்டமாக்கியிருக்கிறோம் என்பதையும் கூடவே எழுதுங்கள். துல்லியமான நகல் கேட்டு வருபவருக்கு, யார், எதற்கு என்று பார்த்துக் கொடுக்கலாம்.

மீனவர்கள் காட்டிய இடங்கள் அவர்களுடையவை. அப்பா மகனுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கும் பாருகள் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டுகள்) உண்டு. நம்மை நம்பிக் கூட்டிப்போனவரின் பாரை உலகத்துக்குக் காட்டிக் கொடுப்பதற்குத் தரவுப் பகிர்வு என்று பெயரில்லை. ட்ரோன் படத்தில் படகுப் பதிவு எண் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். சர்வதேச எல்லைக் கோடு கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடல் இது. எந்தப் படகு எந்த நாள் எங்கே நின்றது என்ற தகவல் ஒரு குடும்பத்தையே அலைக்கழித்துவிடும். ஆழ அளவுகளையும் உரிய எழுத்து அனுமதி இல்லாமல் வெளியிடாதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் எடுத்ததற்கு வனத்துறை அனுமதியின் நிபந்தனைகளை ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

7. பகிர்வது

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் போட முயன்றால் தோற்பீர்கள். உயிரினப் பதிவுகளை, இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னது இருந்தது என்ற அட்டவணைகளை, ஓபிஸ் என்னும் உலகக் கடல் பல்லுயிர்த் தகவல் அமைப்புக்குக் கொடுக்கலாம். அதற்கு இந்தியாவில் கொச்சியில் ஒரு கிளை இருக்கிறது. படங்கள், ஒலி, நிரல்கள் போன்றவற்றுக்கு ஸெனோடோ என்ற இணையக் களஞ்சியம். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்துகிறது, இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை. கடலியல் அளவீடுகளுக்கு ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் எனப்படும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம். அரசுப் பணத்தில் திரட்டியது என்றால் 2012-ன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை உங்களுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இப்படிப் போட்டால் டிஓஐ என்ற நிலையான எண் கிடைக்கும். கூகுள் டிரைவ் இணைப்பு கொடுப்பதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். கணக்கு வைத்திருந்தவர் வேலை மாறிவிட்டால் டிரைவ் இணைப்பு செத்துவிடும். டிஓஐ அந்த ஆளை நம்பி இல்லை.

உரிமம் எழுதாத தரவை நல்ல மனிதர்கள் தொட மாட்டார்கள், மற்றவர்கள் கேட்காமல் எடுப்பார்கள். சிசி பை என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டால் யாரும் பயன்படுத்தலாம், நம் பெயரைச் சொல்ல வேண்டும். வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனை சேர்க்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். பாடநூல் போடும் சிறு பதிப்பகம்கூட அதைப் பார்த்துத் தயங்கும் என்பதால் நான் சேர்ப்பதில்லை.

பெரிய தரவை அனுப்புவதில் கணக்கு போட்டுவிட்டு இறங்குங்கள். ஏற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் ஒரு டெராபைட் போக இடைவிடாமல் 111 மணி நேரம், கிட்டத்தட்ட ஐந்து நாள். நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால்! ஆர்சிங்க் போல, விட்ட இடத்திலிருந்து தொடரும் கருவியைப் பயன்படுத்துங்கள். அதற்கும் மேல் இருந்தால் டிஸ்கைக் கூரியரில் அனுப்புவதே வேகம். அனுப்பும்போது பேக்இட் முறையில் கட்டுங்கள்: தரவு ஒரு ஃபோல்டர், செக்சம் பட்டியல் ஒன்று, கட்டைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்று. பெறுபவர் ஒரு கட்டளையில் எல்லாம் சரியாக வந்ததா என்று பார்த்துக்கொள்வார். டிஸ்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது.

8. ரீட்மி எழுதி, அந்நியரிடம் கொடுத்துப் பாருங்கள்

ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு சாதா உரைக் கோப்பு: யார், எப்போது, எங்கே, எந்தக் கருவி, ஒவ்வொரு பத்திக்கும் என்ன பொருள், என்ன அலகு, வெற்றுக் கட்டம் என்றால் அளக்கவில்லையா, பூஜ்யமா, தெரிந்த குறைகள் என்னென்ன. குறைகளை மறைக்காதீர்கள். "ஜூலையில் கச்சான் காற்று பலமாக இருந்ததால் மூன்று தளங்களுக்குப் போகவில்லை" என்ற ஒரு வரி, பின்னால் வருபவருக்கு மூன்று நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

எழுதி முடித்ததும் இந்த ஆய்வில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் டிஸ்கைக் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். நாங்கள் ஒரு கல்லூரி மாணவியிடம் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் பதினொரு கேள்வி கேட்டார். "இந்தத் தளம் 7பி-ன்னா 7ஏ எங்க சார்?" என்பது அதில் ஒன்று. ஒவ்வொரு கேள்விக்கும் ரீட்மியில் ஒரு வரி ஏறியது. அடுத்த தடவை வேறொருவர். கேள்விகள் மூன்றாகக் குறைந்திருந்தன. அந்த மூன்றில் ஒன்றுக்கு எங்களுக்கே விடை தெரியவில்லை. வடகடலில் ஒரு தளத்தின் பெயரை ஏன் இரண்டாம் வருடத்திலிருந்து மாற்றினோம் என்பது குறிப்பேட்டில் இல்லை. பாம்பன் படகுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். அவர் கடலுக்குப் போயிருக்கிறார்.